மீயறிதலை அளக்க எது ஏற்றது: வினாப்பட்டியலா, உரக்கச் சிந்தித்தலா, உறுதி எண்ணா?

பிளஸ் ஒன் இயற்பியல் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருத்திக்குத் தான் எங்கே தடுமாறினோம் என்பது தெரிந்திருக்கும், இன்னொருவனுக்குத் தெரியாது. அவள் தானே திருத்திக்கொள்வாள், அவன் அதே பிழையைப் பிளஸ் டூ வரை சுமந்து செல்வான். தன் சிந்தனையைத் தானே கவனிக்கும் இந்த ஆற்றலை, மீயறிதலை, அளக்க மூன்று வழிகள் உண்டு. அம்பாசமுத்திரத்திலோ ராதாபுரத்திலோ ஐம்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்புக்கு எது பொருந்தும் என்பதே என் கவலை.

எளிதானது வினாப்பட்டியல். ஆய்வாளர்கள் ஷ்ராவும் டெனிசனும் 1994இல் வெளியிட்ட பட்டியலில் 52 கூற்றுகள். அது பெரியவர்களுக்கானது, எந்தப் பாடத்துக்கும் பொதுவானது. டாசூப்ஷிராசியும் ஃபார்லியும் 2013இல் இயற்பியல் கணக்குகளுக்கென்றே உருவாக்கியதில் 24 கூற்றுகள்தான். இரண்டில் ஒன்று என்றால் பின்னதையே எடுப்பேன். ஆனால் அதுவும் கல்லூரி மாணவர்களுக்காக எழுதப்பட்டது. தமிழாக்கியபின் நம் பிள்ளைகளிடம் புதிதாகச் சோதித்துப் பார்த்தாக வேண்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ‘விடை பொருத்தமானதா என்று சரிபார்ப்பேன்’ என்பதுபோல ஒரு கூற்றைக் கண்டால் பிள்ளைகள் பலர் ‘எப்போதும்’ என்றே குறிப்பார்கள். ஆசிரியருக்குப் பிடித்த பதில் அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். செய்வதாகச் சொல்வதும் உண்மையில் செய்வதும் பெரிதாக ஒத்துப்போவதில்லை என்றே ஆய்வுகளும் காட்டுகின்றன.

எரிக்சனும் சைமனும் 1980களில் முறைப்படுத்திய உரக்கச் சிந்தித்தல் இதற்கு நேர் எதிர். கணக்கைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறோம். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் வரும் அணை நீர்மட்டத்தையே கணக்காக்கலாம். பாபநாசத்தில் 143 அடி, மணிமுத்தாற்றில் 118 அடி ஆழத்தில் நீரின் அழுத்தம் எவ்வளவு? எந்த அணை அகலமானது என்று தேடத் தொடங்கும் பிள்ளையை உடனே அடையாளம் காணலாம். பாதி வழியில் நின்று, “அழுத்தத்துக்கு ஆழம் மட்டும்தானே வேண்டும்” என்று தன்னைத் திருத்திக்கொள்பவளையும் காணலாம். பாபநாசத்துக்கு 4.3 லட்சம் பாஸ்கல், மணிமுத்தாற்றுக்கு 3.5 லட்சம் என்ற விடைகளை மட்டும் திருத்தினால் அந்தத் திருப்பம் கண்ணில் படாது. “ஏன் அப்படிச் செய்தாய்?” என்று இடையில் கேட்கக்கூடாது. விளக்கம் கேட்டால் சிந்தனையின் போக்கே மாறிவிடும். “தொடர்ந்து சொல்” என்பது போதும். இதைவிட ஆழமான முறையை நான் அறியேன். ஆனால் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கவே அரை மணி நேரம் ஆகிறது. பள்ளி விட்டதும் கிராமத்துப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளை எப்படி நிறுத்துவது?

ஆகவே என் தேர்வு மூன்றாவது. ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும், அது சரி என்பதில் எத்தனை சதவீதம் உறுதி என்று எழுதச் சொல்வது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 15 இதற்குப் போதும். சராசரி உறுதி 80, சரியான விடை 9, அதாவது 60 சதவீதம் என்றால் அந்த மாணவனிடம் 20 புள்ளி அதீத நம்பிக்கை இருக்கிறது. இதோடு நிறுத்தினால் ஏமாறுவோம். எல்லா வினாவுக்கும் 60 என்று எழுதி 9 சரியாக்கியவனுக்கு வேறுபாடு பூச்சியம்தான். ஆனால் எது சரி, எது தவறு என்று அவனுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. எனவே சரியான விடைகளுக்குக் கொடுத்த உறுதியையும் தவறானவற்றுக்குக் கொடுத்ததையும் தனித்தனியே சராசரி பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி அகலமாக இருந்தால் நல்லது.

வினாக்களைப் பாடத்தின் பின்பக்கத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். மனப்பாடத்தின் உறுதியைத்தான் அளப்பீர்கள். உறுதி எண்ணுக்கு மதிப்பெண்ணும் வேண்டாம். கொடுத்தால் பிள்ளைகள் உண்மையை எழுதமாட்டார்கள்.

தவறான விடைகளுக்கு 90, 100 என்று எழுதிய மூன்று, நான்கு பேரை மட்டும் மதிய இடைவேளையில் அழைத்து, அணைக் கணக்கை உரக்கச் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சிலருக்கு நேரம் ஒதுக்க எந்த ஆசிரியராலும் முடியும்.