அக்கி ஆறியும் ஆறாத வலி: கும்பகோணத்தில் மின் அக்குபஞ்சர்

பிரிட்டனிலிருந்து ஊருக்குப் போன இந்தப் பயணம் முழுக்க அப்பாவுக்காகத்தான். மாசியில் அவருக்கு வலது விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்து மாதங்கள் ஆகியும் எரிச்சல் விடவில்லை. மேல்துண்டு உரசினாலே முகம் சுருங்குகிறது. மின்விசிறிக் காற்று பட்டால்கூட "நெருப்புல சுட்ட மாதிரி இருக்குடா" என்கிறார். சட்டை போட முடியாததால் வாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். தினமும் மாலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்தவர் அவர்.

சின்ன வயதில் சின்னம்மை தந்த அதே வைரஸ்தான் அக்கிக்கும் காரணம். அது உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் தங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கிளம்புகிறது. வரும் வழியில் நரம்பும் கெட்டுப்போனால், தோல் ஆறினாலும் வலி ஆறாது.

கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். புண் சீக்கிரம் ஆறும், ஆரம்பக் கடுப்பும் தணியும். எங்கள் வீட்டில் முதலில் போனது குயவர் வீட்டுக்கு, அக்கி எழுத; புண்மேல் காவி பூசும் நாட்டு வழக்கம் அது. குழைத்த காவி குளுகுளுவென்று இருந்ததாம். எழுதிய பெரியவர் காசுகூட வாங்கவில்லை; அவர்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் ஊரில் யாருக்கு அக்கி வந்தாலும் இனி நான் சொல்வது இதுதான்: எழுதிக்கொள்ளுங்கள், அன்றைக்கே டாக்டரையும் பாருங்கள்.

தஞ்சாவூர் நரம்பு டாக்டர் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை கொடுத்திருந்தார். அளவைக் கூட்டினால் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. ராத்திரி எழுந்து போகும்போது தடுமாறுகிறார். அதற்கு மேல் கூட்ட வழியில்லாமல்தான் அக்குபஞ்சர் பக்கம் வந்தோம்.

முதலில் போன இடத்தில் ஊசியே இல்லை, தொடு சிகிச்சை. நாடி பார்த்தார், மணிக்கட்டில் விரல் வைத்தார், பிறகு "எல்லா மாத்திரையையும் இன்னைக்கே நிறுத்திடுங்க, சுகர் மாத்திரையும்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ப்ரீகாபலினைத் திடுமென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், வாந்தி, பதற்றம் என்று தொல்லைகள் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். 76 வயதுச் சர்க்கரை நோயாளியிடம் இப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது? அப்படியே எழுந்து வந்துவிட்டோம்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் அக்குபஞ்சரை ஒரு தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஆனால் பலகை மாட்டியிருக்கும் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் இல்லை. அடுத்து நாங்கள் தேடியது பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டம் படித்தவரை. இது பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. சென்னை அரும்பாக்கத்தில் இதற்கு அரசுக் கல்லூரியே இருக்கிறது.

அந்தப் பெண் டாக்டர் ஊசியைத் தொடுமுன் கேட்ட கேள்விகளிலேயே எனக்குப் பாதி நிம்மதி. பேஸ்மேக்கர் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறாரா, கடைசியாகப் பார்த்த சர்க்கரை எவ்வளவு. "தஞ்சாவூர் டாக்டர் கொடுத்தத விடாதீங்க ஐயா, இது அதுகூடத்தான்" என்றார். ஊசி உறையை எங்கள் கண்முன்தான் கிழித்தார். எரியும் இடத்தில் குத்தவில்லை. முதுகுத்தண்டின் ஓரமாக, அந்த நரம்பு புறப்படும் மட்டத்தில் வரிசையாகச் சில, பட்டையைச் சுற்றி நல்ல தோலில் சில. பிறகு ஊசிகளில் கிளிப் மாட்டி, அவற்றுக்கு மெல்லிய மின்சாரம் அனுப்பும் சின்னப் பெட்டியின் குமிழை மெல்லத் திருப்பினார். "துடிக்கிறது தெரியணும், வலிக்கக் கூடாது. வலிச்சா உடனே சொல்லுங்க." ஊசியைச் சுற்றித் தசை தாளம் தப்பாமல் துள்ளியது. அரை மணி நேரம். கரண்ட் போனபோதும் நிற்கவில்லை. பெட்டி பேட்டரியில் ஓடுகிறது.

குறைவான அதிர்வெண்ணும் அதிகமான அதிர்வெண்ணும் மாறி மாறி வரும்படி வைத்திருந்தார். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஹான் ஜிஷெங் பல்லாண்டு ஆராய்ந்தது இதைத்தான்: 2 ஹெர்ட்ஸில் (நொடிக்கு இரண்டு துடிப்பு) ஒரு வகை, 100 ஹெர்ட்ஸில் வேறு வகை என்று உடம்பே வலி தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. அதற்காக இது நிரூபணமான மருந்து என்று சொல்ல மாட்டேன். நரம்பு வலிக்கு அக்குபஞ்சர் பற்றி 2017-இல் வந்த, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு, ஆதரிக்கவோ மறுக்கவோ போதுமான சான்று இல்லை என்றே முடித்தது. கேட்டபோது டாக்டரும் அதை ஒளிக்கவில்லை.

அப்பாவுக்கு வலி போகவில்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் இரவில் விழிப்பது குறைந்தது. மெல்லிய பருத்திச் சட்டையை ஒரு மணி நேரம்போல் போட்டுக்கொள்கிறார். மாத்திரையாலா, ஊசியாலா, நாள்பட்டதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒரு அமர்வுக்கு 500 ரூபாய் ஆனது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. செலவு தாங்காதவர்கள் அங்கே மின் அக்குபஞ்சர் உண்டா என்று முதலில் விசாரிக்கலாம். இந்த கிளினிக்கில் ஒரே குறை, மாடிப்படி செங்குத்து. முட்டிவலிக்கு வருகிறவர்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அம்மாவுக்கு 70 ஆகிறது. அக்கி வராமல் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023-இலிருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது. பிரிட்டனில் அந்த வயதுக்கு இலவசம்; இங்கே நம் கைக்காசு, விலை கேட்டதும் அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். அப்பாதான் அதட்டிக் கூட்டிப்போனார். முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்தது இரண்டு மாதத்துக்கு மேல், ஆறு மாதத்துக்குள். அந்தப் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டிருக்கிறான்.