மாந்தோப்புக்கு பழ ஈ பொறி, ரெண்டு சீசன் கட்டிப் பார்த்தாச்சு

காவேரிப்பட்டணம் பக்கம் ரெண்டு ஏக்கர் மாந்தோப்புங்க எங்களுக்கு, பாதி பெங்களூரா, மீதி நீலமும் செந்தூராவும். பெங்களூரா மாங்கூழ் பேக்டரிக்குப் போயிடும், எங்க தோப்புல அதுல புழு கம்மிதான். நீலம்தான் உயிர எடுக்கும். கடைசியா வர்ற காய் அது, நடுவுல ரெண்டு மழை விழுந்துட்டா மேல தோல் பளபளன்னு இருக்கும் அறுத்தா உள்ள பழ ஈயோட வெள்ளப் புழு நெளியும், மண்டியில நாலு காய அறுத்துப் பார்த்துட்டு மொத்த லோடுக்கும் விலைய இறக்கிடுவாங்க. அந்த வயித்தெரிச்சல்லதான் போன வருஷம் பொறி வாங்கினேன்.

முதல் தடவையே ஏமாந்துட்டேன். மருந்துக்கடையில பழ ஈ பொறின்னு கேட்டா குடுத்துட்டாங்க, பத்து நாளாகியும் டப்பாவுல மாங்கா ஈ ஒண்ணு ரெண்டுதான். பையூர் ஆராய்ச்சி நிலையம் பக்கந்தானேன்னு எடுத்துட்டுப் போய் காட்டினேன், பார்த்ததும் சொல்லிட்டாங்க, டப்பாவுக்குள்ள ஈய இழுக்கறதுக்கு வெச்சிருக்கற கட்டை இது கியூலூர், பாகல் பீர்க்கன் பூசணிக்கு வர்ற ஈக்குத்தான் இது, மாமரத்துக்கு மெத்தில் யூஜினால் கட்டை வேணும்னு. டப்பா ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு, அதனால வாங்கும்போது கவர்ல பேர படிச்சுட்டு வாங்குங்க.

சரியான கட்டைய மாத்தி மாட்டினேன் பாருங்க, மறுநாள் காலையில அடியில ஒரு கைப்பிடி ஈ செத்துக் கிடக்குது! ஏக்கருக்கு 10 பொறி, ஆள் உயரத்துக்கு நிழல்ல தொங்கவிட்டேன். கம்பியில கொஞ்சம் கிரீஸ் தடவிடுங்க, இல்லேன்னா எறும்பு ஏறிடும்.

ஆனா டப்பா ரொம்புதுன்னு சும்மா இருந்துடாதீங்க. அதுல விழறது எல்லாம் ஆண் ஈ மட்டுந்தான். ஆண் கொறைஞ்சா பெண் ஈ சேர்க்கை இல்லாம போகும், முட்டை பொரியாது, அதான் கணக்கு. பக்கத்துத் தோப்புல சேர்ந்துட்டு வர்ற பெண் ஈய இந்த டப்பா ஒண்ணும் பண்ணாது, அது நேரா வந்து காய்க்குள்ள முட்டைய வெச்சுட்டுப் போயிடும். போன வருஷம் பாதிதான் பலன் கெடச்சதுக்கு அதான் காரணம். இந்த வருஷம் பக்கத்துத் தோப்பு மாமாவ கெஞ்சிக் கூத்தாடி அவரையும் கட்ட வெச்சேன், கீழ விழுந்த காய தினமும் பொறுக்கி குழியில போட்டு ஆழமா மூடினோம், புழு மண்ணுக்குள்ள போய்த்தான் கூடு கட்டும்னு மரத்தடியவும் கொத்தி விட்டோம். நீலத்துல புழு நல்லா கொறைஞ்சிருச்சு, மண்டியில அறுத்த காய் நாலும் சுத்தம், எனக்கு கண்ணு கலங்கிடுச்சுங்க.

விலை ஒரு பொறிக்கு டப்பா கட்டை சேர்த்து 100 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது, டப்பா அடுத்த வருஷமும் ஆகும், கட்டை மட்டும் ஒண்ணரை மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும். அதுல பூச்சிமருந்து ஊறியிருக்கு, வெறுங்கையால தொடாதீங்க, பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி வீட்டுல வெக்காதீங்க. காய் எலுமிச்சை சைஸ்ல இருக்கறப்பவே கட்டிடுங்க, பழுக்கற நேரத்துல கட்டினா அதுக்குள்ள முட்டை வெச்சு முடிச்சிருக்கும்.