கதவு அலாரம்: மறதி நோயாளி உள்ள வீட்டுக்கு உதவுமா?

இலங்கை மலையகத்தின் ஹட்டன் கடைத்தெருவில் 1,200 ரூபாய்க்கு வாங்கிய காந்தக் கதவு அலாரம் இது. ஒரு துண்டு நிலைச்சட்டத்தில், மற்றது கதவில்; கதவு திறந்து இரண்டும் விலகினால் கத்தும். அவ்வளவுதான் வித்தை.

அம்மாவுக்கு அல்சைமர். தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து நின்று பல வருடமாகியும் விடியுமுன் எழுந்து, "பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைக் கூட்டம்) நேரமாகிவிட்டது" என்று கொழுந்துக் கூடையைத் தேடுவார். புதிய நினைவுகள் முதலில் அழிந்து, பழையவை நெடுநாள் தங்குவது இந்நோயின் இயல்பு, வாதாடிப் பயனில்லை. வெளியே பனிமூட்டம், வழுக்கும் படிகள், கீழே ஓடை. அலாரம் எங்களை எழுப்பிவிடுகிறது, அதில் குறையில்லை.

ஆனால் அந்தச் சத்தம்! நாங்கள் இருப்பது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்; கூரை ஒன்று, குடும்பங்கள் பல. பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருக்கும் குழந்தை வீறிட்டு அழுகிறது. அம்மாவோ பயந்து காதைப் பொத்திக்கொள்கிறார். பொத்தானைத் தள்ளி மணியோசைக்கு மாற்றினால் போதும். மலைநாட்டு ஈரத்துக்குப் பசைநாடா நிற்காது. ஆணியடித்துக் கம்பியால் கட்டியிருக்கிறேன். மழையில் மரக்கதவு உப்பிச் சரியாகச் சாத்தாவிட்டால் வீணாகவும் கத்தும்.

பெட்டியில் 'முழுப் பாதுகாப்பு' என்று அச்சிட்டிருப்பது மிகை. எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்துவர ஓர் ஆள் வேண்டுமே? எங்கள் வீட்டில் அது தங்கை; அதற்காகவே தோட்ட வேலையை விட்டவள். மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் லயத்தைப் பார்த்தால் அதுவும் குறைவாகவே தோன்றுகிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பட்டன் பற்றரிகளையும் கூடவே வாங்குங்கள். பெட்டியோடு வருபவை சீக்கிரம் தீர்ந்துவிடும்.