கல்லைப் பார்த்த பிறகுதான் டிசைன்: கிளிநொச்சியில் ஒரு பத்தர் பட்டறை

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்பக்கம் உள்ள சின்னப் பட்டறை இது. ஏசி, கண்ணாடி அலுமாரி, குளிர்பான உபசாரம் ஒன்றும் கிடையாது. ஒரு மேசை, ஒரு லாம்பு, வாயில் வெற்றிலையோடு, நகை செய்கிற வயதான பத்தர் ஒருவர். அம்மாவின் பழைய நீலக்கல்லையும் தங்கச்சியின் இரண்டு கற்களையும் இவரிடம்தான் கட்டக் கொடுத்தோம்.

பெரிய கடைகளில் போனவுடனே அல்பத்தை விரிப்பார்கள். இவரிடம் அல்பமே இல்லை. "கல்லைக் காட்டு பிள்ளை, மோதிரத்தைப் பிறகு கதைப்பம்" என்றார். நீலத்தை இடுக்கியால் தூக்கி, பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரத்தினபுரிப் பக்கம் பட்டை தீட்டிய பழைய கற்களில், எடை போய்விடக் கூடாதென்று அடிவயிற்றைத் தடிப்பாகவே விட்டிருப்பார்கள். எங்களுடையதும் அப்படித்தான். வயிறு ஒரு பக்கம் சரிந்தும் இருந்தது. 8க்கு 6 மில்லிமீற்றர் ஓவல் என்று அளவாக வார்த்து வரும் ரெடிமேட் கூட்டுக்குள் இந்தக் கல் உட்காராது. பதித்து வைத்தால் அடிமுனை விரலில் குத்தும்; உயர்த்தி வைத்தால் வாளி, கதவு எல்லாவற்றிலும் இடிபடும். அவர் கூட்டைக் கையாலேயே செய்தார். கல்லைப் பிடிக்கிற நாலு நகத்திலும் உள்வெட்டு ஒவ்வொரு உயரத்தில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கல் தண்ணீர் மட்டம் போல நேராக நிற்கிறது.

இதில் ஒரு சின்னத் தர்க்கம் வந்தது. அம்மாவுக்கு 22 கரட்டைத் தவிர வேறெதுவும் பவுணே இல்லை. பத்தரோ, 22 மெதுமையானது, மெல்லிய நகம் நாளடைவில் நெகிழ்ந்து கல் ஆடும், 18இல் செய்வோம் என்றார். கடைசியில் 22தான், நகங்களைத் தடிப்பாக வைத்துத் தந்தார். அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் கல் அசையவில்லை.

தங்கச்சியின் செவ்வந்திக்கல் கண்ணீர்த்துளி வடிவம். அதை முன்பு வேறோர் ஊரில் ஒரு கடையில் பதக்கமாகக் கட்டினார்கள். கூர்முனையில் சாதாரண உருண்டை நகத்தை வைத்து அழுத்தியதில் நுனி தெறித்துவிட்டது. இந்த வடிவத்தில் மிக மெல்லிய இடமே அந்த நுனிதான். இவர் உடைந்த நுனியைத் தீட்டக் கொடுத்து எடுத்து, அதற்கு 'வி' எழுத்து மாதிரி மடங்கிய தகடு வைத்தார். தகடு இரண்டு பக்கச் சரிவையும் பிடிக்கிறது, முனைக்கும் தங்கத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. லென்சைத் தந்து அதைப் பார்க்கவும் சொன்னார். சதுரக் கல்லின் நாலு மூலைக்கும் இதே கதைதானாம். வட்டக் கல்தான் பத்தருக்குப் பிரச்சினை தராத கல், எங்கே பிடித்தாலும் ஒன்றுதான்.

மூன்றாவது சந்திரகாந்தக்கல். பட்டை இல்லாமல் மொட்டையாக, குவிந்திருக்கும். கற்களின் கடினத்தைப் பத்து வரை எண்ணும் மோஸ் அளவில் நீலம் 9 என்றால் இதற்கு 6, மிஞ்சிப்போனால் ஆறரை. எங்கள் ஊர்ப் புழுதியில் இருக்கிற மணல் 7, அது உரசினாலே இந்தக் கல்லில் கீறல் விழும். மோதிரம் வேண்டாம், பதக்கமாகவே போடு என்று அவர் சொன்னது அதனால்தான். நகமும் வைக்கவில்லை, சுற்றிவர மெல்லிய சுவர் எழுப்பி, விளிம்பைக் கல்லின் மேல் மெதுவாகத் தள்ளி மடித்தார். இந்த வேலைக்கு 22 கரட்டின் மெதுமை நல்லதாம். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இனிக் குறைகள். சொன்ன தேதிக்கு வேலை முடியாது. போன் எடுக்க மாட்டார். பில் துண்டில் எடையும் செய்கூலியும் எழுதித் தருவார், கரட் எழுதுவதில்லை, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மினுக்கலும் கடை நகை அளவுக்கு வராது. நான் தையல்காரி, ஆகவே மோதிரத்தை வாங்கியதும் ஒரு ஜோர்ஜெட் துண்டை அதன் மேல் இழுத்துப் பார்த்தேன். ஒரு நகத்தில் நூல் மாட்டியது. மறுபேச்சு இல்லாமல் அங்கேயே அராவித் தந்தார், காசு வாங்கவில்லை. நீங்களும் துணி கொண்டு போங்கள்.

கல்யாண மாதங்களில் தாலி வேலை குவிந்து கிடக்கும், அப்போது கல்லோடு போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆடியில் போங்கள்.