வோக்கி எஸ்எம்10 வெட்ஜ்கள்: சென்னைத் தரையில் ஒரு வருடத்துக்குப் பிறகு

கோல்ஃபில் பந்தைக் கிட்டத்திலிருந்து உயர்த்தி அடிக்க எடுக்கும் கிளப்தான் வெட்ஜ். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எந்த பிராண்ட், எத்தனை டிகிரி லாஃப்ட் (பந்தை அடிக்கும் முகமான ஃபேஸின் சாய்வு) என்பதைத்தான். அப்புறம் ஸ்பின் (பந்தின் சுழற்சி) எப்படி என்று விசாரிப்பார்கள். பவுன்ஸ், அதாவது கிளப்பின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள கோணம், பற்றிக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. டைட்டிலிஸ்ட் கம்பெனியின் வோக்கி எஸ்எம்10 வெட்ஜ்களை ஒரு வருடத்துக்கும் மேலாக ஆடிப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் சென்னை நந்தனத்தில் இருக்கும் காஸ்மோ கோல்ஃப் மைதானத்தில், எப்போதாவது கொடைக்கானலில். குழி இருக்கும் புல்தரையான கிரீனைச் சுற்றி என் ஆட்டம் மாறியதற்குக் காரணம் பவுன்ஸைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

என் செட் இது: இப்போது வரும் அயர்ன் செட்களில் பல, பிட்சிங் வெட்ஜையே 43, 44 டிகிரிக்கு இறக்கிவிட்டன. என்னுடையது 44. அதற்குக் கீழே 50, 56, 60 என்று மூன்று வோக்கிகள். 50இல் எஃப் கிரைண்ட் (கிரைண்ட் என்பது அடிப்பாகத்தை இழைத்திருக்கும் விதம்), பவுன்ஸ் 8. 56இல் எஸ் கிரைண்ட், பவுன்ஸ் 10. 60இல் எம் கிரைண்ட், பவுன்ஸ் 8. ஷாஃப்ட் (தண்டு) கம்பெனி கொடுக்கும் டைனமிக் கோல்டு எஸ்200தான், மாற்றவில்லை. 50 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழு வீச்சில் 105 யார்டு போகும். அயர்ன் மாதிரியே அடிக்கலாம், அயர்ன் மாதிரியே பறக்கும்.

56தான் பேச வேண்டியது. வாங்குவதற்கு முன் இரண்டு டெமோ கிளப்களை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன்: ஒன்று 14 பவுன்ஸ் எஃப், இன்னொன்று 10 பவுன்ஸ் எஸ். லாஃப்ட் ஒன்றே, ஷாஃப்ட் ஒன்றே. பாய் விரித்த பயிற்சி இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பாயில் எந்த வெட்ஜும் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே அடித்துப் பார்த்துவிட்டு யாரும் வெட்ஜ் வாங்க வேண்டாம். தரையில் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஏப்ரல், மே மாதச் சென்னைத் தரையை ஆடியவர்களுக்குத் தெரியும். புல் மெலிந்து, அடியில் மண் கட்டாந்தரையாக இறுகிக் கிடக்கும். பந்துக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையாது. கிரீனுக்கு வெளியே 30 யார்டில், நடுவில் ஒரு பங்கர் (மணல் குழி), அதை ஒட்டியே குழியின் கொடி. 14 பவுன்ஸ் கிளப்பின் ஃபேஸைக் கொஞ்சம் திறந்தால் போதும், அடிப்பாகம் முதலில் தரையில் மோதி ‘டக்’கென்று எழும்பும். முன்விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து இடுப்பு உயரத்தில் கிரீனைத் தாண்டி ஓடிவிடும். பை தூக்கிக் கூட வந்த கேடி இரண்டு மூன்று ஷாட் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “சார், இது தரையில தட்டி எழும்புது. அடிப்பக்கம் மெலிசா இருக்குல்ல, அத எடுங்க.” அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 10 பவுன்ஸ் எஸ் கிரைண்டில் அடிப்பாகத்தின் பின்விளிம்பைச் சீவிவிட்டிருப்பார்கள். அதனால் இறுகிய தரையிலும் முன்விளிம்பு பந்துக்கு அடியில் நுழைகிறது. எழும் சத்தமும் வேறு. மோதல் இல்லை, உரசல்தான்.

அதற்காக பவுன்ஸ் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. முன்விளிம்பைவிட அடிப்பாகத்தின் பின்பகுதி தாழ்ந்திருக்கும் அந்தக் கோணம்தான் கிளப் மண்ணில் புதைந்துவிடாமல் காப்பாற்றுகிறது. அமெரிக்க வீரர் ஜீன் சாராசென் தன் நிப்லிக் (அந்தக் கால வெட்ஜ் போன்றது) கிளப்பின் பின்புறம் ஈயத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பைத் தாழ்த்தி, 1932 பிரிட்டிஷ் ஓபனுக்கு எடுத்துப்போனார், ஜெயித்தும் வந்தார். இன்றைய சாண்ட் வெட்ஜ் எல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள். வடகிழக்குப் பருவமழையில் தரை சொதசொதவென்று ஆகும்போதும், கொடைக்கானலின் ஈரத் தரையிலும், அந்த 14 பவுன்ஸ் கையில் இருந்திருக்கலாமே என்று எனக்கே தோன்றியிருக்கிறது. பொலபொலவென்று ஆழமாக மணல் கிடக்கும் பங்கரிலும் அதுதான் சுகம். மழையில் நனைந்து இறுகிய மணலில் 10 நன்றாக வேலை செய்கிறது. வருடத்தில் அதிக மாதங்கள் இறுகிய தரையில் ஆடுபவனுக்கு 10தான் சரி. மலையிலேயே இருப்பவர் என்னைப் பார்த்து வாங்க வேண்டாம்.

60 டிகிரி எம் கிரைண்ட் எனக்கு மிகப் பிடித்தமானது. அதன் ஹீல் (தண்டுப் பக்கம்), டோ (முனைப் பக்கம்), பின்விளிம்பு மூன்றையும் இழைத்திருக்கிறார்கள். ஃபேஸை நன்றாகத் திறந்து தரையில் வைத்துப் பாருங்கள், முன்விளிம்பு தூக்கிக்கொள்ளாமல் தரையோடு ஒட்டியே நிற்கும். கிட்டத்தில் இருக்கும் கொடிக்குப் பந்தை உயர்த்திப் போட இதைவிட நம்பிக்கையான கிளப் என் பையில் இருந்ததில்லை. முழு வீச்சில் மட்டும் இதை எடுப்பதில்லை. 70 யார்டுக்கு 56ஐ அரை வீச்சில் அடித்தால் பந்து தாழ்வாகப் போய்ச் சொன்ன இடத்தில் நிற்கிறது.

ஸ்பின் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 2010இல் வந்த விதிக்குப் பிறகு எல்லா கம்பெனியின் குரூவும் (ஃபேஸில் இருக்கும் பள்ளக் கோடுகள்) ஒரே வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். நான் பார்த்த பெரிய வித்தியாசம் பந்தில்தான். யூரித்தேன் உறை போட்ட பந்து ஒரு குதி குதித்துப் பிடித்து நிற்கும் இடத்தில், கெட்டி உறைப் பந்து உருண்டுகொண்டே போகும். காலைப் பனியில் ஃபேஸ் நனைந்திருந்தால் எந்தப் பந்தும் வழுக்கும். ஷாட்டுக்கு முன் துடைப்பதே பாதி ஸ்பின்.

60ஐ மட்டும் ரா ஃபினிஷில் வாங்கினேன், வெயிலில் கண் கூசாது என்பதற்காக. பூச்சு இல்லாத இரும்பு, துருப்பிடிக்கத்தான் செய்யும். சென்னையின் உப்புக் காற்றில் குரூவுக்குள் ஆரஞ்சு நிறம் சீக்கிரமே வந்துவிட்டது. ஸ்பின்னில் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆடி முடித்ததும் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு தடவி வைக்கிறேன். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் குரோம் பூச்சு போட்டதை வாங்கிவிடுவது நல்லது.

தேய்மானம் 56இல்தான் அதிகம், பங்கர் பயிற்சி முழுவதும் அதில் என்பதால். ஃபேஸின் நடுவில் நகத்தை வைத்து இழுத்தால் குரூவின் விளிம்பு முன்பு போல் தட்டுவதில்லை. டோ பக்கம் இன்னும் தட்டுகிறது. சுமார் 75 ரவுண்டுக்குப் பிறகு மாற்றுவது பற்றி யோசிக்கச் சொல்வார்கள். எனக்கு 50ஐ இன்னும் பல காலம் வைத்துக்கொள்ளலாம். அடுத்த கோடைக்கு முன் 56ஐ மட்டும் மாற்றப் போகிறேன்: அதே 10 பவுன்ஸ், அதே எஸ் கிரைண்ட்.