முதலில் நேரத்தைக் கேட்கும் மருத்துவர்: காரைக்குடி கிளினிக் ஒன்றைப் பற்றி

முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகப் பல ஊர்களிலிருந்து வந்த பங்காளிகள் ஒரே வீட்டில் தங்கிச் சாப்பிட்ட பின், அடுத்தடுத்துச் சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால், பழி முதலில் சமையல்காரர் மீதுதான் விழும். காரைக்குடியில் எங்கள் குடும்பம் காட்டிவரும் சிறிய கிளினிக்கின் மருத்துவர், அந்தப் பழியை அப்படியே ஏற்காமல், யாருக்கு எப்போது தொடங்கியது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

“ஆச்சி, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்ததா, ஒருவர் பின் ஒருவராக வந்ததா?” என்றுதான் ஆரம்பித்தார். கெட்டுப்போன உணவிலுள்ள நச்சு என்றால், சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பலரையும் ஒன்றாகப் படுக்க வைத்துவிடும் என்றும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் நோரோ வைரஸ் என்றால், தொற்றி 12 முதல் 48 மணி நேரம் கழித்தே திடீர் வாந்தி, நீராகப் போகும் வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, சில சமயம் லேசான காய்ச்சல், உடல்வலி என வெளிப்படும் என்றும் விளக்கினார். எங்கள் வீட்டில் முதலில் படுத்தது ஒரு குழந்தை. அடுத்து, அதன் வாந்தியைத் துடைத்துச் சுத்தம் செய்த அத்தை. இந்த வைரஸ் உணவு வழியாகவும் பரவும் என்பதால், பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது என்று அவர் சேர்த்துச் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது. (சமையல்காரருக்கு அதுவே பாதி விடுதலை.)

மலத்தில் இரத்தமோ கடும் காய்ச்சலோ இல்லாததால் ஆன்டிபயாடிக் எழுதவில்லை. கேட்டவர்களுக்கும் குளுக்கோஸ் ஏற்றவில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, குழந்தைக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். நா வறண்டு, சிறுநீர் குறைந்து, அழுதும் கண்ணீர் வராமல் குழந்தை துவண்டால் உடனே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதை இருமுறை சொன்னார். வாந்தியும் போக்கும் நின்ற பிறகும் 48 மணி நேரம் நோய் கண்டவர்கள் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்றதைத்தான் ஆச்சியால் ஏற்க முடியவில்லை.

குறை என்று பார்த்தால், வாந்தியோடு வருபவரும் சர்க்கரைக்குக் காட்ட வந்த முதியவரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறது. இந்த வைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் போதாது, சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும் என்று மருத்துவர் உள்ளே சொல்லி அனுப்புகிறார். வெளியே வந்தால் மேசையில் ஜெல் புட்டி இருக்கிறது, கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை. மாலையில் கூட்டம் மிகுதி என்பதால், சிறு குழந்தையோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.