கொழுப்பு காட்டும் வெயிட் மெஷின்: நாள்பட்ட பயன்பாட்டில் எந்த எண்ணை நம்பலாம்?

மேலே ஏறி நின்ற சில விநாடிகளில் ஆப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று எண்கள் வந்து விழும். அவற்றில் மெஷின் உண்மையாக அளந்தவை இரண்டுதான். ஒன்று எடை. இன்னொன்று, ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிய மின்சாரம் வழியில் சந்தித்த தடை. கொழுப்பு, தசை, நீர், எலும்பு, புரதம், ‘உடல் வயது’ எல்லாமே இந்த இரண்டோடு நீங்கள் பதிந்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதைச் சேர்த்துப் போட்ட கணக்கு.

எடைக்குக் கண்ணாடித் தட்டின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு லோட் செல், அதாவது பாரத்தை உணரும் சென்சார், இருக்கிறது. தடைக்கு, பாதம் படும் இடத்தில் நான்கு உலோகப் பட்டைகள் அல்லது கண்ணாடி மேலேயே பூசிய மின்கடத்தும் படலம். பெரும்பாலான மாடல்களில் முன்பாதப் பக்கம் மின்சாரத்தைச் செலுத்தும், குதிகால் பக்கம் மின்னழுத்தத்தை அளக்கும். போகிற மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, அதிர்வெண் வழக்கமாக 50 கிலோஹெர்ட்ஸ். வீட்டுப் பெரியவர்கள் கேட்கிற மாதிரி ஷாக் எல்லாம் அடிக்காது. உடம்புக்கு அது தெரியவே தெரியாது.

கொழுப்பு நீங்கலான உடலில் சுமார் 73 சதவீதம் நீர். அந்த நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் நீர் மிகக் குறைவு, அதனால் தடை அதிகம். உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் உடலின் மொத்த நீர் எவ்வளவு என்று மதிப்பிடலாம். அதிலிருந்து கொழுப்பற்ற எடை, மொத்த எடையில் அதைக் கழித்தால் கொழுப்பு. ஒவ்வொரு நிறுவனமும் இந்தச் சமன்பாட்டைத் தன் பங்குக்கு மாற்றி வைத்திருப்பதால், இரண்டு பிராண்டுகளில் அடுத்தடுத்து ஏறி நின்றால் கொழுப்பு சதவீதத்தில் நான்கைந்து புள்ளி வித்தியாசம் வருவது சாதாரணம்.

இதில் நம் ஊர் உடம்புக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மின்சாரம் ஒரு காலில் ஏறி, அடிவயிற்றுப் பக்கம் திரும்பி, மறு காலில் இறங்கிவிடுகிறது. தொப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதை அது பெரிதாகத் தொடுவதே இல்லை. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்பது இங்கே மிகச் சாதாரணமான உடல்வாகு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யூட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கால் வழியாக மட்டும் அளக்கும் மெஷின் இந்த மாதிரி உடம்பில் கொழுப்பைக் குறைத்துக் காட்ட வாய்ப்பு உண்டு. ஆகவே மெஷின் வாங்கும்போதே ஒரு தையல்காரர் இஞ்ச் டேப்பும் வாங்கிவிடுங்கள். விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் சுற்றி அளக்க வேண்டும். இந்தியர்களுக்கான வரம்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. பேன்ட் சைஸ் 34 என்பதை வயிற்றுச் சுற்றளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்மில் பலர் பேன்ட்டையும் வேட்டியையும் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம்.

‘விசெரல் ஃபேட்’ (வயிற்று உறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு) என்று ஆப் காட்டுகிற எண்ணும் வயிற்றுக்குள் பார்த்துச் சொன்னதல்ல. எடை, உயரம், வயது, கால் வழித் தடை ஆகியவற்றிலிருந்து ஊகித்தது. அதன் அளவுகோலும் பிராண்டுக்கு பிராண்டு வேறு. டானிட்டாவில் 1 முதல் 12 வரை சரி, 13 முதல் அதிகம். ஓம்ரானில் 9 வரை சரி, 10 வந்தாலே அதிகம். ஒரே 11 ஒன்றில் நல்ல செய்தி, மற்றதில் எச்சரிக்கை. உங்கள் மெஷினின் கையேட்டைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

பெயர் பாத்ரூம் ஸ்கேல் என்றாலும் நம் வீடுகளில் அதை பாத்ரூமில் வைப்பது தவறு. நம் பாத்ரூம் தரை எப்போதும் ஈரம், போதாக்குறைக்கு நீர் வடிய சரிவு கொடுத்துக் கட்டியது. சரிவில் நான்கு லோட் செல்லிலும் பாரம் நேராக இறங்காது. ஈரம் உள்ளே போனால் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிடும். கூடத்தில் மொசைக், டைல்ஸ், கிரானைட், பழைய ரெட் ஆக்சைடு எதுவும் சரி. டைல்ஸ் இணைப்புக் கோட்டில் ஒரு கால் விழாமல் பாருங்கள். பாய், கோரைப்பாய், ரப்பர் மேட் மேல் வைத்தால் எடை தப்பாகக் காட்டும். ஒரு இடம் சரியாக அமைந்துவிட்டால் அங்கேயே விட்டுவிடுவது நல்லது. நகர்த்தினால், முதலில் ஒரு முறை காலால் அழுத்தி எரியவிட்டு, பூஜ்யம் வந்து அணைந்த பிறகு ஏற வேண்டும். இல்லையென்றால் அந்த முதல் எண் தப்பாக வரும்.

பாதத்தில்தான் பெரும்பாலான கோளாறு. வெறுங்காலோடு நடந்து தோல் தடித்த பாதம், பித்தவெடிப்பு உள்ள குதிகால், இரண்டும் மின்சாரத்தை உள்ளே விடாமல் தடையைக் கூட்டும்; கொழுப்பு ஏறியதாகத் தெரியும், சில நேரம் எண்ணே வராது. ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டு, சொட்டாமல் லேசான ஈரத்தோடு ஏறுவதே தீர்வு. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ஏறாதீர்கள். குதிகால் குதிகால் பட்டையிலும் முன்பாதம் முன்பட்டையிலும் முழுதாகப் படிய வேண்டும். தொடைகள் ஒன்றோடொன்று உரசினால் மின்சாரம் அங்கேயே குறுக்கு வழியில் போய், தடை குறைந்து, கொழுப்பும் குறைந்ததாகக் காட்டும். இடையில் லுங்கியோ பாவாடையோ ஒரு மடிப்பு இருந்தால் போதும். உடுப்பின் எடையில் கவனம் தேவை: கணக்குக்குத் துணி எது, சதை எது என்று தெரியாது, கூடின எடையின் பெரும்பகுதியைக் கொழுப்பில்தான் சேர்க்கும்.

இனி நேரம். எண்கள் ஆடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம், பலர் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைப்பதும் இங்கேதான். படுக்கையிலிருந்து எழுந்த கையோடு அளந்தால் கொழுப்பு அதிகமாகத் தெரியும். இரவெல்லாம் படுத்திருந்ததால் நீர் கால்களில் இறங்கியிருக்காது. நாள் முழுக்க நின்று நடந்தபின் நீர் காலில் சேரும், தடை குறையும், அதே ஆளுக்கு மாலையில் கொழுப்பு ஒன்றிரண்டு புள்ளி குறைவாக வரும். பகல் பொழுதில் யாருக்கும் அவ்வளவு கொழுப்பு கரைவதில்லை. அதேபோல் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறினால் எடை ஒரு கிலோ கூடும், வயிற்றில் கிடக்கும் நீர் கால் வழித் தடையை மாற்றாது, கூடிய கிலோவைக் கணக்கு கொழுப்பின் தலையில் கட்டிவிடும்.

மதுரை வெயிலில் இது இன்னும் சிக்கலாகும். சித்திரை, வைகாசியில் வெயில் 38, 40 டிகிரி தொடும்போது தெப்பக்குளத்தையோ ரேஸ்கோர்ஸ் மைதானத்தையோ சுற்றி நடந்துவிட்டு வியர்வையோடு ஏறினால், எடை அரை கிலோ குறைந்திருக்கும். தோல் சூடாகவும் ஈரமாகவும் இருப்பதால் தடையும் குறைந்து, கொழுப்பும் குறைந்ததாக வரும். அதே ஆள் ஃபேனடியில் உட்கார்ந்து உடம்பு ஆறியபின், தண்ணீர் குடிக்காமலே ஏறினால் நீர்க் குறைவால் தடை கூடும், கொழுப்பு ஏறும். ஒரே காலையில் ஒரே உடம்பில் எதிரெதிரான இரண்டு பிழைகள். அதனால் நடைக்கு முன்னால் அளப்பதுதான் புத்திசாலித்தனம். எழுந்து, கழிப்பறை போய்விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள் நடமாடியபின், காபிக்கு முன், ஒரே மாதிரி உடுப்பில். அந்த எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு, ராத்திரி பரோட்டா சால்னா என்றால் திங்கள் காலை எடை ஒரு கிலோ கூடியே இருக்கும். அது கொழுப்பு அல்ல. ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவழிப்பதைவிட சுமார் 7,700 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால் உப்பு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற இருப்பாகச் சேர்ந்து, ஒரு கிராமுக்கு சுமார் மூன்று கிராம் நீரையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. விரதம் தொடங்கிய முதல் மூன்று நாளில் மளமளவென்று இறங்குவதும் இதே நீர்தான், திசைதான் வேறு. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வரும் ஏற்றமும் அப்படியே. அவர்கள் ஒரு மாதத்தின் எண்ணை அடுத்த மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிட வேண்டும். பழநி பாதயாத்திரை போய் வந்து வீங்கிய, கொப்புளம் வெடித்த காலோடு ஏறி நின்று பார்க்கிற எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை.

ஆகவே ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள். ஏழு நாள் சராசரியை முந்தைய ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். கொழுப்பு சதவீதத்தில் ஒரு புள்ளிக்குக் குறைவான மாற்றத்தை மாற்றமாகவே எண்ண வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம் ஒரே பக்கம் போனால்தான் அது நிஜம். சதவீதத்தைக் கிலோவாக மாற்றிப் பார்த்தால்தான் கதை முழுதாகத் தெரியும். 72 கிலோ, 28 சதவீதம் என்றால் கொழுப்பு சுமார் 20.2 கிலோ. இரண்டு மாதத்தில் 69 கிலோ, 26 சதவீதம் என்று வந்தால் கொழுப்பு 17.9 கிலோ: இறங்கிய மூன்று கிலோவில் இரண்டே கால் கிலோ போல கொழுப்பு, நல்லது. அதே 69 கிலோவில் சதவீதம் 28லேயே நின்றால் கொழுப்பு 19.3 கிலோ: ஒரு கிலோகூட கொழுப்பு குறையவில்லை, இரண்டு கிலோவுக்கு மேல் தசையும் நீரும் போயிருக்கிறது. பட்டினி கிடந்து எடை குறைப்பவர்களிடம் அதிகம் தெரிவது இந்த இரண்டாவது வகை. சாப்பாட்டில் முட்டை, பயறு, மீன் போதவில்லை, உடம்புக்குப் பாரம் தூக்கும் பயிற்சி இல்லை என்று அதற்குப் பொருள்.

மற்ற எண்களை வேகமாகத் தாண்டலாம். எலும்பு எடை அளக்கப்படுவதில்லை. கொழுப்பற்ற எடையிலிருந்து வகுத்து வருகிறது, எலும்புத் தேய்வு இதில் தெரியவே தெரியாது, அதற்கு எக்ஸ்ரேயால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான். ‘தசை எடை’யில் சில பிராண்டுகள் எலும்பு நீங்கலான எல்லாவற்றையும், உறுப்புகளையும் நீரையும்கூடச் சேர்க்கும், சில எலும்போடு ஒட்டிய தசையை மட்டும் காட்டும், 50 கிலோவும் 28 கிலோவும் ஒரே ஆளுக்கு வரலாம். அடிப்படை கலோரி எண் (சும்மா இருந்தாலும் உடம்பு செலவழிப்பது), கொழுப்பற்ற எடையை 21.6ஆல் பெருக்கி 370 கூட்டும் மாதிரியான சூத்திரம். ஒரு புள்ளி கொழுப்பு மாறினால் பதினைந்து கலோரிதான் மாறும். உடல் வயதை வீட்டில் சிரிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ப்ரொஃபைலை ஒழுங்காக வையுங்கள். உயரம் சமன்பாட்டில் வர்க்கமாக வருவதால் ‘ஐந்தரை அடி இருப்பேன்’ என்ற குத்துமதிப்பு வேண்டாம், சுவரோடு நின்று அளந்து பாருங்கள். விளையாட்டு வீரர்களுக்கான அத்லெட் மோடு அழுத்தினால் வேறு சமன்பாடு ஓடி, கொழுப்பு ஒரேயடியாகச் சில புள்ளி இறங்கும். தினம் ஒரு மணி நேர நடைக்கு அது பொருந்தாது. ஆளை எடையை வைத்தே அடையாளம் காணும் ஆப்களில், ஒரே எடையுள்ள இருவர் வீட்டில் இருந்தால் மாமியார் எண் மருமகள் கணக்கில் போய்விடும். அந்தத் தப்புப் பதிவைப் பார்த்தவுடன் அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் சராசரியே கெடும்.

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலுக்குள் உள்ளவர்கள் இதில் வெறுங்காலோடு ஏறக் கூடாது. கர்ப்பிணிகள் எடையை மட்டும் பார்க்கலாம். சிறுநீரக, இதயக் கோளாறால் கால் வீக்கம் உள்ளவர்களுக்கு நீர் சேரச் சேரக் கொழுப்பு குறைவாகக் காட்டும். நோய் கூடும்போது எண் அழகாகத் தெரிவது ஆபத்து. அவர்களுக்கு இதில் உதவுவது எடை மட்டும்தான்: மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் புண் இருந்தால் ஆறும்வரை விட்டுவிடலாம்.

கடையில் வாங்கும்போது இரண்டு சோதனை போதும். சாக்ஸ் போட்டபடி ஏறுங்கள். அப்போதும் கொழுப்பு சதவீதம் வந்தால் அந்த மெஷின் மின்தடையை அளக்கவே இல்லை, எடையை வைத்து ஊகிக்கிறது. அடுத்து எடை பார்த்து இறங்கி, அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டைக் கையில் பிடித்து மறுபடி ஏறுங்கள். சுமார் அரை கிலோ கூட வேண்டும். பழைய எண்ணே வந்தால், சிறு வித்தியாசங்களை மறைத்து முந்தைய எடையைத் திருப்பிக் காட்டும் ரகம் அது. ஏழு நாள் சராசரிக்கு உதவாது, வேறு மாடல் கேளுங்கள்.